எத்தனை இஞ்சி மெத்தை

என் இடுப்பு வலிக்கு நாங்கள் முதலில் மெத்தையைத்தான் குற்றம் சொன்னோம். ஏழு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த ஏழு மாதத்தில் எங்கள் அறைக்குள் மெத்தை மாறி மெத்தை வந்தது. வலி மட்டும் போகவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்து பதினொரு மாதமாகிறது. இதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என்னைப் போல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிற பெண்கள் இந்தக் கிழக்குக் கரையில் இன்னும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால் மறைக்க விரும்பியவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்து நாலு வயது. நிந்தவூரில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வீடு சாய்ந்தமருதில், உம்மா எனக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. பக்கத்து வளவில் என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா, இருக்கிறாள். என் கணவர் ஜவ்பர் ஃபிரிட்ஜ் திருத்துகிறவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பழுதான எதையும் எந்தச் சாமான் போய்விட்டதென்று கண்டுபிடித்து மாற்றினால் சரியாகிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. இருபது வருடத்தில் அந்த நம்பிக்கை அவரை அதிகம் ஏமாற்றியதில்லை.

தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திவிட்டுக் கதிரையிலிருந்து எழும்பிய ஒரு பின்னேரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றைக்கே அவர் எங்கள் கட்டிலில் கையை ஊன்றிப் பார்த்தார். கலியாணத்துக்கு வாங்கிய நாலு இஞ்சி ஃபோம் மெத்தை அது.

“மெத்தை செத்துப் போச்சு நசீமா. நடுவுல கைய வெச்சுப் பாரு, பலகை முட்டுது” என்றார்.

உண்மைதான், பலகை முட்டியது. அடுத்த நாள் கல்முனையிலிருந்து ஆறு இஞ்சி மெத்தை வந்தது. ஒரு கிழமை சுகமாக இருந்தது போலிருந்தது. அதற்குப் பிறகு வலி இடுப்பை விட்டு இடது தொடையின் பின்பக்கமாக இறங்கியது. இருமினால் குதிக்கால் வரைக்கும் சுண்டி இழுத்தது.

பாடசாலையில் ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு கருத்து. ஃபோம் சூடு, தேங்காய்த் தும்பு மெத்தைதான் நல்லது என்றார் ஒருவர். மெத்தையே ஆகாது, நிலத்தில் பன்பாயில் படு என்றார் இன்னொருவர். நான் இரண்டையும் செய்தேன். பன்பாயில் பன்னிரண்டு நாள் படுத்தேன். காலையில் கட்டில் காலைப் பிடித்துத்தான் எழும்ப வேண்டியிருந்தது. தும்பு மெத்தை கல்லாக இருந்தது. கடைசியாக ஜவ்பர் பத்து இஞ்சி ஸ்பிரிங் மெத்தை ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே பஞ்சு போல மெத்தென்று ஒரு தட்டு வைத்துத் தைத்திருந்தது. தடிப்புக் கூடக் கூடச் சுகம் கூடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அது வாசலால் நுழைய மாட்டேன் என்றது. இரண்டு பேர் வளைத்து உள்ளே தள்ளினார்கள்.

நாங்கள் வைத்தியரிடம் போகவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். போனோம். அவர் மாத்திரை தந்தார், கிளினிக்குக்குக் கடிதம் தந்தார். கடிதத்தை எழுதிக்கொண்டே, “தொடை இடுக்குல மரத்துப் போனா, சலம் போறதுல வித்தியாசம் தெரிஞ்சா, கிளினிக்கைப் பார்த்துக்கொண்டிராம உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். அப்படியெல்லாம் எனக்கு வராது என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

பத்து இஞ்சி மெத்தை வந்து மூன்றாவது கிழமை, ஒரு புதன்கிழமை. வகுப்பறையில் கதிரையில் உட்கார்ந்தபோது எனக்கும் கதிரைக்கும் நடுவில் துணி மடித்து வைத்தது போல் இருந்தது. எழும்பிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து சலம் போய்க் கழுவும்போது தண்ணீர் கையில் படுவது தெரிந்தது. மற்ற இடத்தில் தெரியவில்லை. சூடா குளிரா என்பதும் தெரியவில்லை. அப்படியே வாளிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் என்று ஞாபகமில்லை.

எனக்கு அப்போது வந்த பயம் நரம்பைப் பற்றியதல்ல. சுத்தத்தைப் பற்றியது. அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழுச் செய்துவிட்டு நின்றால் உடுப்பு ஈரமாக இருந்தது. திரும்பக் கழுவி, உடுப்பு மாற்றி, வுழுச் செய்தேன். திரும்பவும் ஈரம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்று மற்றப் பெண்களுக்கு எத்தனையோ தடவை சொன்னவள் நான். எனக்கு அந்தச் சலுகை வேண்டாம் என்றிருந்தது. இது நோய் இல்லை என்று நம்ப வேண்டியிருந்தது.

ராத்தா பின்னேரம் இடியப்பத்தோடு வந்தாள். “என்னகா, முகம் வெளிறிப் போய்க் கிடக்கு?” என்று கேட்டாள்.

“நித்திரை இல்ல ராத்தா” என்றேன்.

வியாழக்கிழமை விடியும்போது படுக்கை நனைந்திருந்தது. ஜவ்பர் பள்ளிவாசலுக்குப் போன நேரத்தில் பெட்சீட்டை உருவித் தோய்த்தேன். மெத்தையின் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினேன். அவர் வந்து கேட்டால் தண்ணீர்ப் போத்தல் சரிந்துவிட்டதென்று சொல்ல வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அன்று பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். குடிக்காவிட்டால் நனையாது என்பது என் கணக்கு.

வெள்ளிக்கிழமை காலை திரும்பவும் நனைந்திருந்தது. இந்தத் தடவை அவர் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெத்தையில் கை வைத்தார்.

“போத்தல் சரிஞ்சிட்டுது” என்றேன்.

“இது தண்ணி இல்ல நசீமா.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அவர் எழும்பிப் போய் ஓட்டோவுக்கு போன் எடுத்தார். ஓட்டோ வருவதற்குள் எனக்கு உடுப்பு மாற்றிவிட்டார். இடது காலைக் கால்சட்டைக்குள் விட எனக்கு ஏலவில்லை. பாதம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் ஓர் இளம் பெண் வைத்தியர். திரையை இழுத்துவிட்டு ஜவ்பரை வெளியே நிற்கச் சொன்னார். குண்டூசியால் பாதத்தில், கெண்டைக்காலில், தொடையில் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பிறகு, “இதைச் சொல்ல வெட்கமாத்தான் இருக்கும். ஆனா நீங்க சரியாச் சொன்னாத்தான் எனக்கு உதவி செய்ய ஏலும்” என்றார். கழுவும்போது தெரிகிறதா, எப்போதிருந்து தெரியவில்லை, எத்தனை தடவை நனைந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். யாரும் இப்படி நேராகக் கேட்டிருந்தால் புதன்கிழமையே சொல்லியிருப்பேனோ என்று அப்போது நினைத்தேன். இன்னும் நினைக்கிறேன்.

சிறுநீர் இறங்கச் சலக் குழாய் போட்டார்கள். பை நிரம்பியது. ஒரு லீட்டருக்குக் கிட்ட வந்தது. இவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு முட்டுகிறது என்றுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். நனைந்தது நிரம்பி வழிந்தது மட்டும்தான் என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார்.

நோயின் விளக்கத்தையும் அவர்தான் ஒரு தாளில் கீறிக் காட்டினார். முதுகெலும்புகளுக்கு இடையில் மெதுமையான தட்டுகள் இருக்கின்றன. என்னுடைய கடைசித் தட்டுகளில் ஒன்று வெடித்து, அதன் உள்ளே இருந்தது பின்னால் பிதுங்கிவிட்டது. அந்த இடத்தில் முள்ளந்தண்டிலிருந்து இறங்குகிற நரம்புகள் குதிரையின் வால் போலக் கற்றையாகக் கிடக்கின்றன. காலுக்கும், சலம் மலத்துக்கும், இருக்கிற இடத்து உணர்வுக்கும் போகிற நரம்புகள் அவை. அந்தக் கற்றை முழுவதும் நசுங்கிக்கொண்டிருந்தது.

“நாங்க மெத்தைய மாத்திக்கிட்டு இரிந்தோம் டொக்டர்” என்றார் ஜவ்பர். அவர் திரைக்கு இந்தப் பக்கம் வந்திருந்தார்.

“இதுக்கும் மெத்தைக்கும் சம்பந்தமில்ல” என்றார் அவர்.

அம்புலன்ஸில் மட்டக்களப்புக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரம். மருதமுனையில் வெள்ளைத் தொப்பிகள் கண்ணாடியில் ஓடின. கல்லடிப் பாலத்தின் மேல் ஏறும்போது வண்டி குலுங்கியது. வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். அன்று வலிக்கவில்லை. வலிக்காததுதான் என்னை நடுங்க வைத்தது.

எம்ஆர்ஐ எடுக்கும் குழாய்க்குள் போட்டுவிட்டு அசையக் கூடாதென்றார்கள். காதுக்குள் சுத்தியல் அடித்தது. யாசீன் ஓதத் தொடங்கி நடுவில் மறந்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். வெளியே வந்தபோது சத்திரசிகிச்சை நிபுணர் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகம் பேசாத மனிதர்.

“அமுக்கத்தை எடுக்கலாம். இன்றைக்கே எடுக்கிறேன். ஆனா நசுங்கின நரம்புல எவ்வளவு திரும்பி வரும் என்று என்னால சொல்ல ஏலாது. இரண்டு நாளைக்கு முந்தி வந்திருந்தா கொஞ்சம் தைரியமாச் சொல்லியிருப்பேன்.”

ஜவ்பர் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்து வைக்கப் போனார். பேனையைக் கீழே வைத்து, திரும்ப எடுத்து எழுதினார். அவர் ஏன் அப்படித் தலை குனிந்து நின்றார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

கண் விழித்தபோது காலை இழுத்த வலி போயிருந்தது. ஏழு மாத வலி இல்லாமல் போனதற்கு சந்தோஷப்பட வேண்டும். நான் போர்வைக்குள் கையை விட்டு என் தொடையைக் கிள்ளினேன். யாருடையதோ தொடை.

வாட்டுக் கட்டிலில் ரெக்ஸின் உறை போட்ட மெல்லிய மெத்தை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்னைப் பக்கம் திருப்ப வேண்டும், முதுகு முறுகாமல் ஒரே கட்டையாகத் திருப்ப வேண்டும் என்று தாதி காட்டித் தந்தார். பெண்கள் வாட்டு என்பதால் ஜவ்பரால் எந்நேரமும் நிற்க முடியாது. ராத்தா வந்து சேர இரண்டு நாள் சென்றது. அந்த இரண்டு நாளும் என்னைத் திருப்பியது பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த பாக்கியம் அக்கா. சொறிக்கல்முனையில் வயல் செய்கிற குடும்பம். தன் தங்கச்சியைப் பார்க்க வந்தவர், தாதியோடு சேர்ந்து என்னையும் பிடித்தார். நெல் மூட்டை தூக்கிப் பழகிய கை.

“வெட்கப்படாதீங்க மகள். உடம்பெண்டா எல்லாருக்கும் ஒண்டுதான்” என்றார். ஒரு நேரம் பெட்சீட்டை நனைத்துவிட்டு நான் மன்னிப்புக் கேட்டபோது, “அடுத்த தடவை மன்னிப்புக் கேட்டா நான் அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுட்டுப் போயிருவன்” என்றார். வாட்டில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பதினோராம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். இடது பாதத்துக்கு ஒரு பட்டி, பிடித்து நடக்க நாலு கால் தாங்கி, வீட்டில் நானே ஒரு நாளைக்கு நாலு தடவை போட்டு எடுக்க மெல்லிய சலக் குழாய்கள். உணர்வில்லாத இடத்தில் ஒரே பக்கம் கிடந்தால் படுக்கைப் புண் வரும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஜவ்பர் அந்தச் சொல்லை மனதில் வாங்கிக்கொண்டார். புண் வரக் கூடாது. அவருக்குத் தெரிந்த வழியில் அதற்கு ஆயத்தம் செய்திருந்தார். பத்து இஞ்சி மெத்தையைக் கழுவிக் காயவைத்து, அதன் மேல் இன்னும் மூன்று இஞ்சி மெதுமெத்தை ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். புதுப் பெட்சீட். நாலு தலையணை.

“இனி உனக்கு எங்கயும் குத்தாது” என்றார்.

அதில் என்னைக் கிடத்தியபோது நான் உள்ளே போனேன். இடுப்பு குழிக்குள், கால் மேலே, தலை மேலே. சுகமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கம் திரும்பக் கை ஊன்றினால் கையும் உள்ளே போனது. தாங்குவதற்கு ஒன்றுமில்லை. உட்கார வைத்தால் ஓரம் அமுங்கி நான் சறுக்கினேன். கால் நிலத்துக்கு எட்டவில்லை, சின்னப்பிள்ளை போலத் தொங்கியது. ஒவ்வொரு தடவையும் அவர் என்னைக் கக்கத்தில் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. அவருக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது, ராத்தாவுக்குத் தன் வீட்டுச் சமையல் இருந்தது. அதனால் நான் யாரையும் கூப்பிடாமல் தலையணைகளில் சாய்ந்து, சறுக்கிச் சறுக்கி, மணிக்கணக்காக ஒரே இடத்தில் கிடந்தேன். வியர்த்தது. எனக்கு எதுவும் நோகவில்லை.

ஒன்பதாம் நாள் ராத்தா எனக்கு உடம்பு கழுவிவிட்டு, என் இடுப்பருகே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன ராத்தா?”

“ஒண்டுமில்லகா. கொஞ்சம் சிவந்து கிடக்கு” என்றாள். அவளுடைய குரல் வேறாக இருந்தது. கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டச் சொன்னேன். இடுப்பு எலும்புக்குக் கீழே, ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு தோல் இல்லை. நடுவில் மஞ்சள். என் உடம்பில் இப்படியொரு ஓட்டை விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

திரும்பவும் ஆஸ்பத்திரி, இந்தத் தடவை ஊரில். கெட்டுப்போன சதையை வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து தேவைப்படவில்லை. வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டு கவிழ்ந்து கிடந்தேன். காய்ச்சல் இரண்டு நாள் இறங்கவில்லை. புண் எலும்பைத் தொட்டால் மாதக்கணக்காகும் என்று பேசிக்கொண்டார்கள். மௌத்தை, என் சாவைப் பற்றி நான் நினைத்தது அப்போதுதான். முதுகை வெட்டிய அன்று நினைக்கவில்லை. மெத்தையில் வந்த புண்ணில் போய்விடுவேனோ என்று நினைத்தேன்.

ஜவ்பர் வாட்டு வாசலில் நின்று, “நான்தான் செஞ்சன். தடிப்பாப் போட்டா நல்லதெண்டு நினைச்சன்” என்று யாரைப் பார்த்தாலும் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

அதைக் கேட்டுவிட்டு எங்களை உட்கார வைத்துப் பேசியவர் பிசியோ மிஸ். நடை பழக்க வருகிறவர், உயரமான பெண், வேகமாகப் பேசுவார்.

“தடிப்பு மட்டும் பார்த்தாச் சரிவராது. மூண்டு விசயம் பாருங்க. ஒண்டு, அவ படுத்திருக்கக்குள்ள இடுப்புக்கு நேரே மெத்தைக்கு அடியில உள்ளங்கைய மேல் பக்கமா வெச்சுப் பாருங்க. எலும்பு கையில முட்டினா மெத்தை போதாது. ரெண்டு, அவ தானாத் திரும்ப ஏலுமா? குழியில விழுந்த ஆள் எப்பிடித் திரும்பிற? மூண்டு, ஓரத்துல இரிந்தாப் பாதம் முழுக்க நிலத்துல படணும். பாதம் படாட்டி இவ எழும்பவே மாட்டா. எழும்பாட்டித் திரும்பவும் புண்தான்.”

“அப்ப எத்தனை இஞ்சி மிஸ்?” என்று கேட்டார் ஜவ்பர்.

“அது உங்கட கட்டிலைக் கேக்கணும். இவட காலையும் கேக்கணும்.”

பிறகு ஜவ்பரைத் தனியாகப் பார்த்து, “எந்த மெத்தையப் போட்டாலும் திருப்பிறத நிப்பாட்டக் கூடாது. மெத்தை ஆளைப் பார்த்துக்கொள்ளாது” என்றார்.

காய்ச்சல் இறங்கிய பிறகு, கவிழ்ந்து கிடந்தபடியே நான் கணக்குப் போட்டேன். குதிக்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை எனக்குப் பதினைந்து இஞ்சி. எழும்ப லேசாக இருக்க ஒரு இஞ்சி கூட இருக்கலாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். எங்கள் கட்டிலின் பலகை நிலத்திலிருந்து பதினேழு இஞ்சி உயரம். மெத்தையே இல்லாமல்கூட அது எனக்கு உயரம். அதற்கு மேல் பதின்மூன்று இஞ்சியை அடுக்கி என்னை ஏற்றி வைத்திருந்தார் மனுசன்.

மெத்தை ஆறு இஞ்சி. கீழே நாலு இஞ்சி இறுக்கமான ஃபோம், மேலே இரண்டு இஞ்சி மெதுவானது, ஓரம் அமுங்காதது, தோய்க்கக்கூடிய உறை. நான் உட்கார்ந்தால் ஓர் இஞ்சி அமுங்கும். அப்படியானால் பலகை பதினொரு இஞ்சியில் இருக்க வேண்டும். கட்டில் காலில் ஆறு இஞ்சி வெட்ட வேண்டும்.

ராத்தாவுக்கு அதுதான் பெரிய விசயமாகிவிட்டது. “உம்மா தந்த முதிரைக் கட்டில்! கலியாணக் கட்டிலையா அறுக்கப் போறீங்க? வேற ஒண்டு வாங்க ஏலாதா?”

“கட்டில் நல்லாத்தான் இரிக்கி ராத்தா. உயரம்தான் பிழை” என்றேன்.

நான் வீட்டுக்கு வந்த அடுத்த நாள் காலை, விறாந்தையில் பாயில் ஒருக்களித்துப் படுத்திருக்க, ஜவ்பர் முற்றத்தில் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு அறுக்கத் தொடங்கினார். முதிரை மரம் இலேசில் அறாது. ஒரு காலை முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்தார். இரண்டாவது காலில் வாளை வைத்தார், அறுக்கவில்லை. என் பக்கம் திரும்பாமல் பேசினார்.

“வியாழக்கிழமையே எனக்குத் தெரியும் நசீமா.”

“என்ன தெரியும்?”

“பள்ளிக்குப் போய் வந்து பார்த்தன். துவாய்க்குக் கீழ கை வெச்சன். மணந்துது. நீ பெட்சீட் தோய்ச்சுப் போட்டிருந்த. நான் கேட்டா நீ வெட்கப்படுவ எண்டு நினைச்சன். நீயாச் சொல்லுவ எண்டு பார்த்துக்கொண்டிரிந்தன். ஒரு நாள் முழுக்க.”

நான் பாயிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன்.

“அந்த டொக்டர் ரெண்டு நாளெண்டு சொன்னாரே. அதுல ஒரு நாள் என்னுடையது.”

அவர் அறுக்கத் தொடங்கினார். நாலு காலையும் அறுத்து முடித்து, மட்டம் பார்த்து, கட்டிலைத் தனியாக இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நானும்தான் மறைத்தேன். ஆனால் நான் நோயாளி, எனக்கு மூளை வேலை செய்யவில்லை என்று எனக்கு ஒரு நியாயம் இருந்தது. நல்ல கால்களோடு நடந்துகொண்டிருந்த மனிதர் ஏன் பேசாமல் இருந்தார்? ஒரு நாள் முன்னால் போயிருந்தால் இன்று என் கால் எப்படி இருந்திருக்கும்? அந்த நிபுணராலேயே சொல்ல முடியாத விடையை நான் மூன்று நாள் படுத்திருந்து தேடினேன். அந்த மூன்று நாளும் அவரோடு கதைக்கவில்லை. அவர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வந்து திருப்பினார். மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பார்த்தார். புண்ணைக் கழுவி மருந்து கட்டினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலை அவர் வெளியே இருந்தார். எனக்குச் சலம் எடுக்கிற நேரம். யாரையும் கூப்பிடாமல் கையை ஊன்றினேன், கை உள்ளே போகவில்லை. பக்கம் திரும்பினேன். காலை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் கீழே விட்டேன். ஓரத்தில் உட்கார்ந்தபோது இரண்டு பாதமும் நிலத்தில் முழுசாகப் பட்டன. இடது பாதத்துக்கு நிலம் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் பட்டிருக்கிறதென்று தெரிந்துகொண்டேன். பட்டியைக் கட்டி, தாங்கியைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். எழும்பி நின்றேன். நின்ற இடத்திலேயே அழுதேன், சந்தோஷத்தில் இல்லை. மிச்சமிருப்பது எவ்வளவு என்று அப்போதுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது.

புண் ஆற நாலு மாதம் சென்றது. இடது பாதம் கொஞ்சம் அசைகிறது. கழுவும்போது ஒரு பக்கம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. சலத்துக்கு இன்னும் குழாய்தான், இனியும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் தவணையிலிருந்து பாடசாலைக்குப் போகிறேன். கீழ் மாடியில் ஒரு வகுப்புத் தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் நடுவில் கதிரையிலிருந்து உடம்பைத் தூக்கி இறக்குகிறேன். பிள்ளைகள் முதலில் பார்த்தார்கள், இப்போது பார்ப்பதில்லை.

அவரிடம் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், முழுசாகப் போகவில்லை. சில நாட்களில் வருகிறது. அவருக்கும் தெரியும். ஆனால் அன்று எழும்பி நின்ற பிறகு அவரைக் கூப்பிட்டு ஒன்று சொன்னேன்.

“இனிமே வெட்கப்படுவன் எண்டு நினைச்சுப் பேசாம இரிக்காதீங்க. கேளுங்க. நான் கோவிச்சாலும் கேளுங்க.”

அடுத்த நாள் காலை ராத்தா எங்கள் குசினியில் நின்றாள். அவளோடு அவளுடைய சம்பந்தி வீட்டுப் பெண்ணும் என்னைச் சுகம் விசாரிக்க வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தார். ஜவ்பர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, முற்றத்திலிருந்தே உரத்துக் கேட்டார்.

“நசீமா! சலம் எடுத்தியா? எவ்வளவு வந்துது?”

ராத்தாவின் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது. வந்திருந்த பெண் முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். எனக்கு முகம் சூடாகியது. ஒரு கணம் வழக்கம் போல வாயை மூடிக்கொள்ளப் பார்த்தேன்.

“ஓம், எடுத்தன்” என்று நானும் உரத்துச் சொன்னேன். “நானூறு மில்லி.”

“சரி” என்றுவிட்டு அவர் வேலைக்குப் போனார்.